அரங்கேற்றமும் அரங்கிறக்கமும்

மாலை விளக்கேற்றிய பின், இராச்சாப்பாட்டுக்கு முன்னுள்ள அந்த ஒரு மணி நேரம் எங்கள் வாவிக்கரை வீடுகளிலே தொலைக்காட்சிக்கு உரியதாகிவிட்டது. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும் இதில் வேற்றுமை இல்லை. நேற்றுவரை ஒரு முகத்தோடு தோன்றிய மருமகள், இன்று வேறொரு முகத்தோடு அடுப்படியிலிருந்து வெளிப்படுவாள். திரையிலே 'இவருக்குப் பதில் இவர்' என்னும் மூன்று சொற்கள் தோன்றி மறையும். பின்னர் கதை, யாதும் நிகழாதது போல, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எங்கள் அயலிலே எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உளர். அவ்வாறு முகம் மாறிய ஒரு நாள் அவர் என்னை நோக்கி, "அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த மனே? ஏன் நிப்பாட்டிப் போட்டானுகள்?" என்று வினவினார். யான் தமிழ் கற்பிப்பவன். சொல்லுக்குப் பொருள் கேட்டால் உரைப்பேன். இந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. நிறுத்தியவர்கள் காரணம் கூறவில்லை. நிறுத்தப்பட்டவரின் குரல் எங்கள் காதுக்கு எட்டவில்லை. மூதாட்டி பெருமூச்செறிந்து வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டார்.

அவ்வினா என் உள்ளத்திலே கிடந்தது. அண்மையில், விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் மகள் ஒருத்தி, தன் மடிக்கணினியிலே ஆங்கில நாடகம் ஒன்றை எனக்குக் காட்டினாள். விளங்காத இடங்களில் நிறுத்தி விளக்கவும் செய்தாள். 'நொலி' என்பது அதன் பெயர். 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிரித்தானியாவின் ஐ.ரி.வி. நிறுவனம் வெளியிட்டது, மூன்று பகுதிகள் கொண்டது. எழுதியவர் ரஸ்ஸல் ரி. டேவிஸ், இயக்கியவர் பீற்றர் ஹோர். நெடுந்தொடர் ஒன்றின் தலைவி திடீரென வேலையிலிருந்து நீக்கப்பட்ட உண்மை வரலாறே அதன் பொருள். மூதாட்டி கேட்ட அதே வினாவை, ஒரு நாடகாசிரியர் மூன்று மணி நேரம் எடுத்துக் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று.

நாற்சந்தியின் தலைவி

நொலி என்பது நோயல் கோர்டன் என்னும் நடிகைக்கு அன்பர்கள் இட்ட செல்லப்பெயர். 1919ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே இலண்டனின் கிழக்குப் பகுதியிற் பிறந்தவர். இளமையிலேயே மேடையேறியவர். தொலைக்காட்சியைக் கண்டறிந்தோருள் ஒருவரான ஜோன் லோகி பெயர்ட் நடத்திய வண்ணத் தொலைக்காட்சிப் பரிசோதனையிலே தோன்றிய முதற் பெண் இவரே என்பர். அமெரிக்கா சென்று தொலைக்காட்சித் தொழிலைக் கற்று மீண்டார். பின்னர் ஏ.ரி.வி. நிறுவனத்திலே நிகழ்ச்சி நடத்துநராகவும் விளங்கினார். பிரதமர் ஹரோல்ட் மக்மிலனைத் தொலைக்காட்சியில் நேர்கண்டவர் என்ற பெருமையும் இவருக்குண்டு. ஆகவே, எவரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டு வீடு செல்லும் நடிகையர் வரிசையில் இவரை வைத்தல் பொருந்தாது. தொழிலின் அடியும் நுனியும் அறிந்தவர் அவர்.

1964ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பேர்மிங்காம் நகரிலிருந்து 'குரோஸ்ரோட்ஸ்' என்னும் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. நாற்சந்தி என்பது அதன் பொருள். ஹேசல் அடயர், பீற்றர் லிங் என்னும் இருவர் அதனை உருவாக்கினர். வழிப்போக்கர் தங்கும் விடுதியொன்றை நடத்தும் மெக் றிச்சட்சன் என்னும் கைம்பெண்ணே கதைத் தலைவி. அப்பாத்திரத்தை நோயல் கோர்டன் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் தாங்கினார். தொடக்கத்தில் வாரத்துக்கு ஐந்து நாட்கள். ஒத்திகைக்கு நேரம் குறைவு; செலவுக்குப் பணம் குறைவு. வசனத்தை மறப்பார்கள், கதவைச் சாத்தினால் சுவரே அசையும் என்று விமரிசகர் நகைத்தனர். அத்தொடரைப் பார்த்தே விக்டோரியா வூட் என்னும் நகைச்சுவையாளர் பின்னாளில் ஒரு கேலித் தொடரும் படைத்தார். மேற்பார்வை செய்த அதிகார சபையோ தரம் போதாதென்று 1967இல் ஐந்து நாளை நான்காகக் குறைத்தது. பின்னர் அது மூன்றாயிற்று.

ஆயினும் மக்கள் விடவில்லை. சிறப்புற்றிருந்த காலத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர். 1975இல் மெக் மறுமணம் செய்துகொள்ளும் கதைப்பகுதி பேர்மிங்காமில் எடுக்கப்பட்டபோது, உண்மை மணவிழாவுக்குப் போவார் போல மக்கள் தெருவிலே திரண்டனர். தொழிற்சாலையிலிருந்து களைத்து வந்த பெண்கள், தனித்திருந்த முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு அவ்விடுதி இரண்டாவது வீடு. கற்றோர் இகழ்ந்ததும் கல்லாதார் போற்றியதும் ஒரே பொருளாயிருந்தன. நம் கூத்துக்கும் ஒரு காலத்தில் இதே கதி நேர்ந்ததை மட்டக்களப்பார் அறிவர். 1960களிலே பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை நகர மேடைக்குக் கொண்டுசென்ற பின்னரே நம்மிற் பலர் நம் களரியை மதிக்கக் கற்றோம்.

காரணம் கூறாத நீக்கம்

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே செய்தி வந்தது. நோயல் கோர்டனின் ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்பட மாட்டாது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தொன்று. நிறுவனத்தின் நிகழ்ச்சித் தலைவர் சாள்ஸ் டென்ரன் என்பவரது முடிவு அது. ஊர் ஏற்கத்தக்க காரணம் எதுவும் உரைக்கப்படவில்லை. பத்திரிகைகள் ஓலமிட்டன, இரசிகர்கள் கடிதங்களைக் குவித்தனர், முடிவு மாறவில்லை.

அவ்வாண்டு நவம்பரிலே மெக்கின் விடுதி தீக்கிரையாவதாகக் கதை அமைத்தனர். வாணவேடிக்கை நாளாகிய நவம்பர் 5ஆம் நாள் தீ எழுந்தது. தலைவி நெருப்பில் மாண்டாள் என்றே பார்ப்போர் சில நாட்கள் நம்பினர். பின்பு, அவள் இறக்கவில்லை, பெருங்கப்பலொன்றிலே நாடு நீங்கிச் செல்கின்றாள் என்று காட்டினர். கப்பலின் மேற்றளத்திலே தன் மகளாக நடித்தவளிடம் விடைபெற்றுப் பிரிந்தாள். கதைத் தலைவிக்கு அழகிய விடையளித்த நிறுவனம், அத்தலைவியாக வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு விடையும் அளிக்கவில்லை. விடை என்னும் தமிழ்ச் சொல்லுக்குப் பதில் என்றும் பொருளுண்டு. பிரியும்போது அளிக்கும் இசைவு என்றும் பொருளுண்டு. அவ்விரண்டும் அவருக்கு மறுக்கப்பட்டன.

டேவிசின் நாடகம் இந்த இடத்தைத்தான் பற்றிக்கொள்கிறது. நொலியாக ஹெலினா பொன்ஹம் கார்ட்டர் நடித்திருக்கின்றார். அந்நடிப்புக்காக 2024இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கவும் பெற்றார். ஆசிரியர் தம் தலைவியைக் குற்றமற்ற தெய்வமாகக் காட்டவில்லை. ஒத்திகைக் கூடத்திலே அவர் ஓர் அரசி. எழுதிவந்த வசனத்தை அடித்துத் திருத்துவார். இயக்குநருக்கே இயக்கம் கற்பிப்பார். தயாரிப்பாளர் ஜாக் பார்ட்டனைப் பேசவிடார். புதிதாய் வந்த இளநடிகை அஞ்சி நடுங்குவாள். ஆனால், அந்த இளையவளுக்குத் தொழில் கற்பிப்பவரும் அவரே. உடன்நடிகர் ரோனி அடம்ஸுக்கு உற்ற தோழியும் அவரே. இத்தகையவரோடு வேலை செய்தல் எளிதன்று என்பதைப் பார்ப்போர் ஒப்புவர். ஒப்பிய பின்னும், 'எதற்காக?' என்னும் அவரது வினா நம்மைச் சுடுகின்றது. வேலை போனமை அவரை வருத்தியது. ஏன் போயிற்று என்று அறியாமை அவரை அரித்தது. காரணம் தெரிந்தால் மனிதன் அதனோடு வழக்காடலாம், அழலாம், ஈற்றில் அமைதியும் அடையலாம். காரணம் மறைக்கப்பட்டால், தன் வாழ்நாள் முழுவதையும் புரட்டிப் புரட்டிப் பிழை தேடுவான்.

பாத்திரம் எவருடையது?

இருபக்க நியாயமும் கேட்டல் முறை. நிறுவனத்தார் கூறத்தக்கதும் உண்டு. ஏ.ரி.வி.யின் உரிமம் மறுசீரமைக்கப்பட்டு, 1982 ஜனவரி முதல் அது சென்ட்ரல் என்னும் புதிய பெயரோடு இயங்கவிருந்தது. புதிய மனைக்குப் பழைய தூண் வேண்டாம் என எண்ணியிருக்கலாம். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, சட்டத்திலே குற்றமில்லை. தொடர் எவருக்கும் சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. இவையெல்லாம் உண்மையே.

ஆயினும் பாத்திரம் எவருடையது என்று கேட்டுப் பார்ப்போம். எழுத்தும் பெயரும் நிறுவனத்துக்கு உரியன. அப்பெயருக்குக் குரலும் நடையும் சினமும் சிரிப்பும் ஈந்தவர் நடிப்பவர். நாள்தோறும் அதனைத் தம் வீட்டுக்குள் அழைத்து இருக்கை தந்தவர் பார்ப்பவர். மூவர் சேர்ந்து வளர்த்த பயிரை ஒருவர் மட்டும் இரவோடிரவாக அரிந்து செல்லும்போது ஏனை இருவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்தல் இயல்பு. இந்தியத் தொலைக்காட்சியிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'கியூங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ' என்னும் இந்தித் தொடரிலே துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி 2007இல் விலக, வேறொருவர் அவ்விடத்துக்கு வந்தார். மறுவருடம் இரானி மீண்டும் அழைத்துவரப்பட்டார். 2025இல் அத்தொடர் புத்துருப் பெற்றபோதும் துளசி அவரே. தமிழிலே 'சித்தி' என்னும் பெயரைக் கேட்டால் 1999ஆம் ஆண்டின் ராதிகாவே நினைவுக்கு வருகின்றார். அதன் இரண்டாம் தொடரிலிருந்து 2021இல் அவர் தாமே அறிவித்து விலகினார். போகின்றேன் என்று சொல்லிப் போவதும், போய்விட்டார் என்று பிறர் காட்டுவதும் வெவ்வேறு.

நம் நூலும் நம் களரியும்

இது தொடர்பாக நம் பண்டை நூலொன்றை எண்ணிப் பார்த்தேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை நாடகக் கலைக்குக் கருவூலம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1926இல் வெளிவந்த தமது 'மதங்கசூளாமணி'யிலே சேக்ஸ்பியர் நாடகங்களை ஆராயுமிடத்து, நம் பழைய நாடக இலக்கணத்துக்கும் உரிய இடமளித்தார். அக்காதையிலே மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் இலக்கணம் கூறப்படுகிறது. அரங்கு ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு வகுக்கப்படுகிறது. எழினி மூவகை, விளக்கின் நிழல் விழும் இடமும் ஆராயப்படுகிறது. ஏறுவதற்கு இத்துணை இலக்கணம் வகுத்த நாம், இறங்குவதற்கு ஓரிலக்கணமும் எழுதி வைத்தோமில்லை.

ஆனால் மாதவி இறங்கியவாற்றைக் கவனியுங்கள். கோவலன் இறந்ததறிந்து துறவு பூண்டாள். மணிமேகலைக் காப்பியத்திலே, இந்திர விழாவுக்கு ஆட வரவேண்டுமென்று தாய் சித்திராபதி, வயந்தமாலை வழியாக அழைப்பு விடுக்க, மாதவி காரணம் கூறி மறுத்தாள். ஊர் அலர் தூற்றியது. எனினும் முடிவு அவளுடையது. அதற்குரிய சொல்லும் அவளுடையது. இலக்கணம் இல்லாத இடத்திலே தானே ஓர் இலக்கியமாக நின்றாள்.

எங்கள் ஊர்க் களரியிலும் எழுதாத இலக்கணம் ஒன்று இருந்தது. கூத்துப் பழகும் முறையை வாசகர் அறிவர். சட்டங் கொடுத்தல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று படிப்படியாக அது நடைபெறும். பின்னர் வீடு வீடாகச் சென்றும் ஆடுவர். யான் சிறுவனாயிருந்த காலத்தில், பல்லாண்டுகள் திரௌபதை வேடம் தாங்கிய ஒரு பெரியவர் எங்கள் ஊரிலிருந்தார். முழங்கால் நோயினால் அடி பிசகத் தொடங்கிற்று. அண்ணாவியார் அவரை ஒருநாளும் களரியில் வைத்துக் கடிந்தாரில்லை. மாலை நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று, நெடுநேரம் இருந்து, உள்ளதைச் சொன்னார். சதங்கை அணியும் நாளிலே புதிய பையனின் காலுக்குச் சதங்கை கட்டியவர் அப்பெரியவரே. அன்று அவர் கண் கலங்கியதையும் கண்டேன். ஆனால், அதற்குப் பின்னரும் அவர் நாள்தோறும் களரிக்கு வந்து, அந்தப் பையனுக்குத் தாளம் பிழைக்கும்போது கையாற் காட்டிக் கொடுத்தார். ஆட்டத்தை இழந்தவர் அரங்கை இழக்கவில்லை.

என் பிழை ஒன்று

இவ்வளவும் கண்டு வளர்ந்த யான் பிழை செய்யாதவனா? உண்மையை மறைத்தல் தகாது. ஆசிரியனாகிச் சில ஆண்டுகள் கழிந்தபின், தமிழ்த்தினப் போட்டிக்காக மாணவரைக் கொண்டு ஒரு கூத்தைப் பழக்கினேன். தருமன் வேடத்துக்கு எடுத்த மாணவன் இரண்டு மாதம் உழைத்தான். போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில் அவன் குரல் உடைந்தது. உச்சத்திலே பாட்டு நிற்கவில்லை. யான் அவன் பெயரை அடித்து, வேறொருவன் பெயரை எழுதி, பட்டியலை அறிவித்தற் பலகையிலே குத்திவிட்டுச் சென்றேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற மகிழ்ச்சியில் அவனை மறந்தேன்.

சென்ற ஆண்டு கோயில் திருவிழாவிலே ஒருவர் வந்து வணங்கினார். தலையிலே நரை கண்டிருந்தது. கையிலே தம் மகனைப் பிடித்திருந்தார். பேச்சினிடையே சிரித்துக்கொண்டே, "ஐயா, அண்டைக்கு நான் என்ன பிழை விட்ட எண்டு உங்களிட்டக் கேக்கணும் எண்டு நினைச்ச நான், பயத்தில கேக்கல்ல" என்றார். யான் காரணத்தைச் சொன்னேன். "குரல்தானா?" என்று கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். குரல் உடைதல் பிழையன்று, பருவத்தின் இயல்பு. அதனை அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாழிகை அழுதிருப்பான். சொல்லாமையால், தன்னிலே ஏதோ குறை உண்டென்னும் எண்ணத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்திருக்கின்றான். ஏ.ரி.வி. நிறுவனத்தார் மீது கல்லெறியும் தகுதி எனக்கில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

நொலியின் கதைக்கு மீள்வோம். நீக்கப்பட்டவர் முடங்கிவிடவில்லை. லெஸ்ரர் நகரிலே 'ஜிப்சி' என்னும் இசை நாடகத்தில் தலைமை வேடம் ஏற்று மேடையேறினார். 1983இல் இலண்டனிலே மற்றுமோர் இசை நாடகத்தில் நடித்தார். அதே ஆண்டு, வெனிஸ் நகரில் மகளைச் சந்திக்கும் தாயாகக் குரோஸ்ரோட்ஸ் தொடரில் ஒரு சிறு தோற்றமும் அளித்தார். மீண்டும் தொடருக்கு வருமாறு பின்னர் அழைப்பு வந்தபோது நோய் அவரை வீழ்த்தியிருந்தது. 1985ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், அறுபத்தைந்தாம் வயதிலே மறைந்தார். அவரை நீக்கி நிலைநிறுத்த முயன்ற தொடரும் 1988இல் முடிந்தது. இறந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின், ஒரு நாடகாசிரியர் அவருக்குரிய அரங்கிறக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கின்றார். காலங் கடந்ததாயினும் அது கடன் தீர்த்தலே.

ஆசிரியர்களாகிய நாம், மாணவர்களை மேடையேற்றுகின்றோம். சிலரை இறக்கவும் நேரும். சபைகளிலும் சங்கங்களிலும் பதவி மாற்றங்கள் நிகழும். மாற்றத்தைத் தவிர்த்தல் இயலாது. ஆனால் திண்ணைவரை நடந்து சென்று காரணத்தைக் கூறுதல் இயலும். அதற்குப் பொருட்செலவில்லை, சற்று நெஞ்சுரம் வேண்டும். இவ்வாண்டுக் கூத்திலும் ஒரு மாணவனை மாற்ற நேர்ந்தது. அவனைப் பூவரச நிழலுக்கு அழைத்து, உள்ளதைச் சொன்னேன். முகம் வாடிற்று. மறுநாள் வந்து, "ஐயா, நான் பிற்பாட்டுப் பாடட்டா?" என்று கேட்டான்.

மூதாட்டிக்கு மட்டும் இன்னும் கடன்பட்டிருக்கின்றேன். திரையிலே முகம் மாறும் போதெல்லாம் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கின்றார்.